செத்தவன் பாட்டு என்று விற்ற சிடி

மெம்பிஸ் நகரக் குற்றவியல் நீதிமன்றம்.
அரசு எதிர் வெர்னல் கெய்தர்.
குற்றம்: வெளிவராத ஒலிப்பதிவை உரிமையின்றிப் படியெடுத்து விற்பனை செய்தது.

வாக்குமூலம் கொடுப்பவர்: லாவெல் பெட்டிஸ், வயது 33, ஆரஞ்ச் மவுண்ட் பகுதி, மெம்பிஸ். தொழில்: விமான நிலையச் சரக்குக் கிடங்கில் பெட்டி பிரிக்கும் வேலை. முன்பு ராப் பாடகர்.

பதிவு செய்பவர்: ஐரின் ஹாலோவே, நன்னடத்தை அலுவலர்.

சாட்சிக்கு அறுவை சிகிச்சையில் குரல்வளை எடுக்கப்பட்டுள்ளது. கழுத்தில் ஒரு கருவியை அழுத்திப் பேசினார். எனக்கு விளங்காத இடங்களில் அவருடைய மனைவி ஷரோண்டா பெட்டிஸ் எடுத்துச் சொன்னார். சாட்சி சொன்னதை அவர் சொன்னபடியே கீழே எழுதியிருக்கிறேன்.

நான் மேற்படி விலாசத்தில் என் மனைவி ஷரோண்டாவுடனும் நான்கு வயது மகள் நையாவுடனும் குடியிருந்து வருகிறேன். இந்த வழக்கின் எதிரி வெர்னல் கெய்தரை எனக்குப் பதினெட்டு வயதிலிருந்து தெரியும். அவர் எனக்கு உறவு இல்லை. எங்கள் பகுதியில் சிறியவர் பெரியவர் எல்லோரும் அவரை அக்கா என்றே கூப்பிடுவார்கள், ஆகவே நானும் இதில் அக்கா என்றே சொல்கிறேன். அக்கா குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்றும், தண்டனை என்ன என்பது மட்டும் பாக்கி என்றும், இந்தக் குற்றத்தால் எனக்கு ஏற்பட்ட பாதிப்பைச் சொல்ல வேண்டும் என்றும் கோர்ட்டிலிருந்து எனக்குத் தகவல் வந்தது. அதன் பேரில் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நான் கிங் வெல் என்ற பெயரில் பாடி வந்தேன். ஆரம்பத்தில் நண்பர்கள் மூன்று பேருடன் சேர்ந்து ஒரு கேசட் போட்டோம். அதைக் கையில் வாங்கி விற்றுக் கொடுத்தவர் அக்கா ஒருவர்தான். அவர் லமார் அவென்யூவில் கோழிச்சிறகு வறுத்து விற்கும் ஒரு கடையின் கார் நிறுத்தத்தில் மேசை போட்டு கேசட்டும் சிடியும் விற்று வந்தார். அதன் பிறகு அட்லாண்டாவில் உள்ள ஒரு நிறுவனம் என்னை ஒப்பந்தம் செய்தது. நான் அவர்களுக்காகப் பதினான்கு பாட்டுகளைப் பதிவு செய்து முடித்தேன். கடைசிப் பாட்டைப் பதிவு செய்யும்போதே என் தொண்டை கட்டியிருந்தது. சளி என்று நினைத்தேன். அதன் பிறகு டாக்டர்கள் பரிசோதித்து, குரல்வளையில் புற்றுநோய் என்று சொல்லி, 2001ஆம் வருடம் ஆபரேஷன் செய்து அதை எடுத்துவிட்டார்கள். அப்போது ஷரோண்டா ஆறு மாத கர்ப்பமாக இருந்தாள்.

ஆபரேஷன் முடிந்த பிறகு நிறுவனத்தார், பாடியவர் மேடை ஏற முடியாது, ரேடியோவுக்குப் பேட்டி கொடுக்க முடியாது, ஆகவே ஆல்பத்தை நிறுத்தி வைக்கிறோம் என்று சொன்னார்கள். வீட்டில் வைத்துக்கொள்ள எனக்கு ஒரு பிரதி தாருங்கள் என்று ஷரோண்டா போனில் கேட்டாள். ஒப்பந்தப்படி பதிவு தங்கள் சொத்து என்றும், வெளியே கொடுத்தால் திருட்டுத்தனமாகப் பரவிவிடும் என்றும் சொல்லி மறுத்துவிட்டார்கள். பழைய கேசட் காரில் கிடந்து வெயிலில் உருகிப்போயிருந்தது. வீட்டு டெலிபோனில், யாரும் எடுக்காவிட்டால் ஒலிப்பதற்காக, நாங்கள் வீட்டில் இல்லை, செய்தி சொல்லுங்கள் என்று ஆபரேஷனுக்கு முன் நான் பேசிப் பதிவு செய்த சில வார்த்தைகள் இருந்தன. அவ்வப்போது வெளியே போகும்போது ஷரோண்டா வீட்டுக்கு போன் போட்டு அதைக் கேட்பாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். 2003ஆம் வருடப் புயலில் பல நாள் கரண்ட் இல்லாமல் போனபோது அதுவும் அழிந்துவிட்டது. அதன் பிறகு என் குரல் எங்கள் வீட்டில் எதிலும் கிடையாது.

கருவி வைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. கடையில் பேசினால் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆகவே சர்ச்சுக்குப் போவதையும் சிநேகிதர் வீடுகளுக்குப் போவதையும் விட்டுவிட்டேன். இயந்திரச் சத்தத்தில் பேச்சு எடுபடாது என்பதால் சரக்குக் கிடங்கு வேலை எனக்குத் தோதாக இருந்தது.

இந்த வருடம் ஏப்ரல் மாதம் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், உடன் வேலை செய்யும் டோனெல் என்பவர் கிடங்கின் கார் நிறுத்தத்தில் தன் காரின் கதவைத் திறந்து வைத்துப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் கையில் சாண்ட்விச்சுடன் அந்தப் பக்கம் போனேன். பாடுவது நான் என்று முதல் வரியிலேயே தெரிந்தது. டோனெலுக்கு என் பழைய பெயர் தெரியாது. அவர் என்னைக் கூப்பிட்டு, “அண்ணே, இதக் கேளுங்க. கிங் வெல்லு. நம்ம ஏரியாக்காரன்தான். பாவம், செத்துப் போயிட்டான்” என்றார். எப்படிச் செத்தான் என்று நான் கையால் கேட்டேன். “சுட்டுட்டாங்கன்னு சில பேர் சொல்றாங்க, ஆஸ்பத்திரிலன்னு சில பேர் சொல்றாங்க. எப்படிப் போனா என்ன? என்ன வாய்ண்ணே அவனுக்கு!” என்று சொல்லி, சிடியின் அட்டையை என்னிடம் கொடுத்தார்.

அட்டையில் என் பழைய போட்டோ இருந்தது. முதுகில் இரண்டு வெள்ளை இறக்கைகளும் காலடியில் மேகமும் ஒட்டியிருந்தார்கள். நிம்மதியாக உறங்கு கிங் வெல் என்று போட்டு, அதன் கீழே பிறந்த வருடமும் இறந்த வருடமும் அச்சடித்திருந்தது. பிறந்த வருடம் சரி. இறந்த வருடம் 2001 என்று இருந்தது. எங்கே வாங்கியது என்று கேட்டேன். அக்காவின் மேசையில் என்று சொன்னார்.

அதன் பிறகு வந்த சனிக்கிழமை நான் ஷரோண்டாவையும் நையாவையும் அழைத்துக்கொண்டு மேற்படி கோழிச்சிறகுக் கடைக்குப் போனேன். எனக்கு ஆத்திரமாக இருந்தது. அக்கா ஒரு வாடிக்கையாளருக்குச் சிடியைப் பையில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்து என்னைப் பார்த்ததும், “இயேசுவே!” என்று அலறி நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டார். கடையிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்து அவரைத் தூக்கி உட்கார வைத்தார்கள்.

நான் கருவியைக் கழுத்தில் வைத்து, நான் செத்துவிட்டேன் என்று உங்களுக்குச் சொன்னது யார் என்று கேட்டேன். அக்கா அந்தச் சத்தத்தை முன்பு கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே, “என்னடா இது, வெட்டவெளியில ஏதோ மெஷின் பேசுற மாதிரி இருக்கு” என்றார். நான் மேசையில் இருந்த என் சிடிகளைக் கையால் தரையில் தள்ளிவிட்டேன். நையா பயந்து அழுதாள். ஷரோண்டா என் கையைப் பிடித்தாள். திருடி விற்பது போதாது என்று என்னைக் கொன்றும் விற்கிறீர்களே என்று கேட்டேன்.

அதற்கு அக்கா சொன்னதை அப்படியே சொல்கிறேன். “யாரும் சொல்லலடா. நீ இந்தப் பக்கம் வந்து நாலு வருஷம். சர்ச்சுல ஒன்னப் பாக்கல. எங்க அண்ணன் சாவுக்கு நீ வரல. போன் போட்டா எடுக்கிறதில்ல. தொண்டைல கேன்சர்னு மட்டும் காதுல விழுந்துச்சு. இந்த ஊர்ல அப்படி ஒருத்தன் காணாமப் போனா வேற என்ன நெனப்பாங்க? நான் ஒனக்காக அழுதேன்டா, முட்டாப் பயலே. அழுதுட்டுத்தான் அந்த ரெக்கைய ஒட்டச் சொன்னேன்.”

இந்தப் பாட்டு உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று ஷரோண்டா கேட்டாள். நான் பாடிப் பதிவு செய்த ஸ்டூடியோவை மூடியபோது வேலை போன ஒலிப்பதிவுக்காரர் ஒருவர் கொடுத்தார் என்று அக்கா சொன்னார். போலீசில் கொடுத்த வாக்குமூலத்திலும் அவர் அதையே சொல்லியிருப்பதாக அறிகிறேன். “அந்தக் கம்பெனிக்காரன் ஒன்னப் பெட்டில போட்டுப் பூட்டிட்டான். நான் பூட்டத் தெறந்தேன். அது தப்புன்னா தப்புதான். திட்டு, வாங்கிக்கிறேன். ஆனா நின்னுக்கிட்டே திட்டாத, ஒக்காந்து திட்டு” என்று சொல்லி நாற்காலி எடுத்துப் போட்டார். அதன் பிறகு கடைக்குள் ஆள் அனுப்பி, வறுத்த கெளுத்தி மீனும் ஸ்பாகெட்டியும் மூன்று தட்டுகளில் வரவழைத்தார். நான் சாப்பிட மாட்டேன் என்றுதான் உட்கார்ந்தேன். சாப்பிட்டேன்.

நாங்கள் சாப்பிடும்போது அக்கா தரையில் கிடந்த சிடிகளைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொரு அட்டையிலும் 2001 என்ற எண்ணைக் கறுப்புப் பேனாவால் அடித்தார். அதன் மேல் உயிரோடு இருக்கிறான் என்று எழுதினார். வாடிக்கையாளர் ஒருவர் இதை நின்று பார்த்துவிட்டு, “அக்கா, ஆள் உயிரோட இருந்தா வெல கொறையுமா?” என்று கேட்டார். “ஏறும்டா. செத்தவன் ஒன் மூஞ்சியப் பாக்க மாட்டான், இவன் பாத்துக்கிட்டு இருக்கான்” என்று அக்கா சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் வந்து என் கையைக் குலுக்கினார். அதன் பிறகு இன்னும் சிலர் வந்து குலுக்கினார்கள். அந்த நான்கு வருடத்தில் அத்தனை பேர் என்னைத் தொட்டதில்லை.

விற்பனையை நிறுத்தும்படி அன்று நான் சொன்னேனா என்று விசாரிக்கப்பட்டதில், நிறுத்தச் சொல்லவில்லை, விற்கவும் சொல்லவில்லை என்று கூறுகிறேன். அக்கா ஒரு சிடியை ஷரோண்டாவிடம் கொடுத்தார், நாங்கள் கிளம்பிவிட்டோம்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஷரோண்டா கார் ஓட்டினாள். நையா பின்சீட்டில் இருந்தாள். ஷரோண்டா என்னைக் கேட்காமலேயே சிடியைப் போட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாட்டுகளை ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டே வந்து ஒன்பதாவது பாட்டில் விட்டாள். அது இன்னும் சரிசெய்து முடிக்காத பாட்டு. அதில் பாதியில் நான் வரியை மறந்து தடுமாறி, கெட்ட வார்த்தை ஒன்று சொல்லி, அதன் பிறகு சிரிக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒலிப்பதிவுக்காரரிடம் ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடியும் சிரிக்கிறேன். நீண்ட சிரிப்பு. நிறுவனம் இதை வெளியிட்டிருந்தால் அந்த இடத்தை வெட்டியிருப்பார்கள்.

நையா, “அம்மா, யாரு சிரிக்கிறது?” என்று கேட்டாள். ஷரோண்டா காரை ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினாள். “ஒங்கப்பாடி” என்றாள். நையா என்னையும் பார்த்து ரேடியோவையும் பார்த்தாள். கருவியில் வரும் சத்தம்தான் என் குரல் என்று அவள் நினைத்திருந்தாள், எல்லா அப்பாக்களும் சிரிக்கும்போது சத்தம் வராது என்றும் நினைத்திருக்கலாம். “அப்பா சத்தமாச் சிரிப்பாரா?” என்று கேட்டாள். “ரொம்ப சத்தமா. பக்கத்து வீட்டுக்காரங்க செவுத்தத் தட்டுவாங்க” என்று ஷரோண்டா சொன்னாள். மறுபடி போடு என்று நையா சொன்னாள். பெட்ரோல் போடாமல் நின்றதால் பின்னால் வந்த கார்க்காரர் ஹாரன் அடித்தார். ஷரோண்டா வண்டியை ஓரமாக எடுத்து நிறுத்திவிட்டு மறுபடி போட்டாள். எத்தனை முறை போட்டாள் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு சிடி ஊரெங்கும் பரவியது. முடிவெட்டும் கடையிலும் கார் கழுவும் இடத்திலும் அது ஒலித்தது. சர்ச்சில் என்னைப் பார்த்த இளைஞர்கள் என்னிடம் என் வரிகளைச் சொல்லிக் காட்டினார்கள். நான் மறுபடி சர்ச்சுக்குப் போக ஆரம்பித்திருந்தேன். டோனெல் ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை, அதன் பிறகு, “செத்தவன்னு ஒங்க கிட்டயே சொல்லிட்டனேண்ணே” என்று வந்து நின்றார். இப்போதும் அவர்தான் எனக்கு மத்தியானத்தில் துணை.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பள்ளிப் பிள்ளைகளும் குடும்பங்களும் வரும் சக்கரச் சறுக்கு அரங்கத்தில், கிங் வெல் நேரில் வருகிறார் என்று அக்கா விளம்பரம் செய்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை. வர முடியாது, வந்து என்ன செய்வேன் என்று நான் சொன்னேன். “வந்து நில்லு. நீ உயிரோட இருக்கன்னு நான் ஊருக்குச் சொல்லிட்டேன். வராட்டி நான்தான் பொய்க்காரி” என்று அக்கா சொன்னார். ஆகவே போனேன்.

அரங்கத்தின் நடுவில் ஒரு பெட்டி மேல் என்னை ஏற்றினார்கள். பாட்டுப் போடுபவர் வெறும் தாளத்தை மட்டும் ஒலிக்கவிட்டார், குரலை நிறுத்திவிட்டார். அது அக்காவின் ஏற்பாடு. யாரும் பாடவில்லை, தாளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. எனக்கு இறங்கிவிட வேண்டும் போல் இருந்தது. அப்போது முன்வரிசையில் சக்கரக் காலணியோடு நின்ற ஒரு பெண் முதல் வரியைச் சொன்னாள். பக்கத்தில் இருந்தவர்கள் இரண்டாவது வரியில் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாவது வரிக்குள் அரங்கம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. நடுவில் அவர்கள் ஒரு இடத்தில் தடுமாறினார்கள். அந்த வரியை நான் வாயசைத்துக் காட்டினேன், உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். அதன் பிறகு பாட்டு முடியும் வரை நான் வாயசைத்தேன், சத்தம் அவர்களிடமிருந்து வந்தது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு ஆகஸ்ட் மாதத்தில் போலீசார் அக்காவின் மேசையைச் சோதனையிட்டு, சிடிகளையும் படியெடுக்கும் கருவியையும் கைப்பற்றி, அவரைக் கைது செய்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நிறுவனத்தின் சார்பாக பிரஸ்காட் என்ற வக்கீல் எங்கள் வீட்டுக்கு வந்தார். மரியாதையாகப் பேசினார். இந்தத் திருட்டால் எனக்கு மன வேதனையும் பெரிய நஷ்டமும் ஏற்பட்டதாக எழுதிய ஒரு தாளைக் காட்டி, அதில் கையெழுத்துப் போட்டால் நிறுவனம் ஆல்பத்தை முறையாக வெளியிடத் தயாராக இருக்கிறது என்று சொன்னார். எனக்கு ஆசை வந்தது. அதை மறைக்கவில்லை. என் பெயரில் கடையில் விற்கும் ஆல்பம் ஒன்று வேண்டும் என்று பதினெட்டு வயதிலிருந்து நினைத்தவன் நான்.

நான் பேனாவைக் கையில் எடுத்தபோது ஷரோண்டா, “அந்த ஒன்பதாவது பாட்ட அப்படியே போடுவீங்களா சார்?” என்று கேட்டாள். இல்லை, எல்லாவற்றையும் சுத்தம் செய்வோம், தடுமாற்றம், பேச்சு, சிரிப்பு எதுவும் இருக்காது, பிரமாதமாக வரும் என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். ஷரோண்டா என் கையிலிருந்த பேனாவை வாங்கி அவர் சட்டைப் பையில் சொருகி, “காபி குடிச்சிட்டுப் போங்க” என்றாள். அவர் குடித்துவிட்டுப் போனார். பிறகு அந்த நிறுவனத்திலிருந்து யாரும் வரவில்லை.

அக்காவுக்கு அனுமதி கொடுத்தேனா என்று விசாரிக்கப்பட்டதில், கொடுக்கவில்லை. அக்காவைக் காப்பாற்றுவதற்காக, அனுமதி கொடுத்தேன் என்று சொல்லிவிடலாம் என்று சில நண்பர்கள் சொன்னார்கள். சத்தியம் செய்துவிட்டு அப்படிச் சொல்ல மாட்டேன். அக்காவும் அதைக் கேட்கவில்லை. ஒப்பந்தப்படி அனுமதி கொடுக்கும் உரிமை எனக்கும் இல்லை. அவர் செய்தது சட்டப்படி தவறு என்பதை அவரும் மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. செத்தவன் என்று போட்டதற்காக எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது.

பாதிப்பு என்ன என்று விசாரிக்கப்பட்டதில், கீழ்க்கண்டவாறு கூறுகிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு உயிர் இருந்தது, ஆனால் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. இப்போது வருகிறேன். என் மகளுக்கு என் குரல் தெரியும். தூங்குவதற்கு முன் ஒன்பதாவது பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் தூங்குகிறாள், அந்தக் கெட்ட வார்த்தை வரும் இடத்தில் ஷரோண்டா சத்தத்தைக் குறைத்துவிடுவாள். இவை எனக்கு ஏற்பட்ட பாதிப்புகள். நஷ்டம் என்று எழுத எனக்கு எதுவும் இல்லை. வெர்னல் கெய்தர் அக்காவுக்கு நான் நன்றி சொல்லக் கடமைப்பட்டவன். மேசையில் இருந்த சிடிகளைத் தள்ளிவிட்ட அன்று அதைச் சொல்லவில்லை, அரங்கத்திலும் சொல்லவில்லை. ஆகவே கோர்ட்டு மூலமாகச் சொல்கிறேன்.

அவரைச் சிறைக்கு அனுப்பாமல் விடும்படி கேட்டுக்கொள்கிறேன். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு, சர்க்கரை நோய் உண்டு. கைப்பற்றிய சிடிகளை அழித்துவிடுவார்கள் என்று தெரிந்தது. எங்கள் வீட்டில் உள்ள சிடியும் வழக்குச் சொத்து என்று சொன்னால் இப்போதே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் அதை என் மகளிடம் வாங்கும் வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும், என்னால் ஆகாது.

சத்தியப் பிரமாணத்தைச் சத்தமாகச் சொல்ல என்னால் முடியாது. வலது கையை உயர்த்தி வாயசைத்தேன், அலுவலர் பார்த்தார். மேலே உள்ளவை எல்லாம் நான் கருவி வைத்தும் என் மனைவி எடுத்துச் சொல்லியும் கொடுத்தவை. அலுவலர் உரக்கப் படித்துக் காட்டக் கேட்டேன். உண்மை, இதில் கூட்டியதும் குறைத்ததும் இல்லை.

(ஒப்பம்) லாவெல் பெட்டிஸ்
என் முன்னிலையில்: (ஒப்பம்) ஐரின் ஹாலோவே
9 நவம்பர் 2005

தீர்ப்பு நாள் குறிப்பு, 21 நவம்பர் 2005:

மேற்படி வாக்குமூலம் திறந்த நீதிமன்றத்தில் குமாஸ்தாவால் வாசிக்கப்பட்டது. வாசிக்கும்போது எதிரி எழுந்து நின்று, “அய்யா, மன்னிக்கணும். கொஞ்சம் வேகமாப் படிக்கச் சொல்லுங்க. இது கிங் வெல் சொன்னது. இப்படி இழுத்து இழுத்துப் படிச்சா அவன் பேரு கெட்டுடும்” என்று முறையிட்டார். நீதிபதி அனுமதித்தார். மீதி வேகமாக வாசிக்கப்பட்டது.

எதிரிக்கு இரண்டு வருட நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. சிறைத் தண்டனை இல்லை. கைப்பற்றப்பட்ட சிடிகளை அழிக்கவும், சாட்சியின் வீட்டில் உள்ள ஒரு சிடியை இந்த வழக்கில் சேர்க்காமல் விடவும் உத்தரவாயிற்று.

நடவடிக்கை முடிந்த பிறகு எதிரியும் சாட்சியும் சாட்சியின் குடும்பத்தாரும் ஒரே காரில் சென்றார்கள்.

ஐ. ஹாலோவே